மரத்தின் விலையும் இசையின் மதிப்பும்

விலை உயர்ந்தால் தரமும் உயரும் என்பது சந்தையில் வேரூன்றிய நம்பிக்கை. பெரும்பாலான பொருள்களில் அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால், அந்த நம்பிக்கை எங்கே தடுமாறுகிறது என்பதைக் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு அக்கூஸ்டிக் கிட்டார். சில ஆயிரம் ரூபாய்க்கும் அது கிடைக்கிறது. பல லட்சம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. இரண்டிலும் தந்திகள் ஆறுதான், சுரங்களும் அவையேதான். இந்த விலை வேறுபாட்டில் இசைக்காகக் கொடுப்பது எவ்வளவு, மரத்தின் அருமைக்காகக் கொடுப்பது எவ்வளவு என்ற கேள்வி, பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற பின் ஆர்வத்தால் கிட்டார் பழகிவரும் என் போன்றோருக்கு இயல்பாகவே எழுகிறது.

கிட்டாரில் ஒலி பிறக்கும் முறையை முதலில் பார்ப்போம். தந்தி மிக மெல்லியது. அது தானாக அசைக்கும் காற்று மிகக் குறைவு. தந்தியின் அதிர்வு, அது பூட்டப்பட்டுள்ள 'பிரிட்ஜ்' என்னும் மரத்துண்டு வழியாக மேற்பலகைக்குச் செல்கிறது. அந்தப் பலகை அதிர்ந்து காற்றைத் தள்ளும்போதுதான் காதுக்கு எட்டும் ஒலி உருவாகிறது.

உருக்குத் தந்திகள் பூட்டிய கிட்டாரில் ஆறு தந்திகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம். அதைத் தாங்கும் மேற்பலகையின் தடிமனோ சுமார் 3 மில்லிமீட்டர். இழுவிசையைத் தாங்கும் அளவுக்கு உறுதியாகவும், எளிதில் அதிரும் அளவுக்கு லேசாகவும் பலகை இருக்க வேண்டும். முரண்பட்ட இந்த இரு தேவைகளையும் நிறைவு செய்வதே கிட்டார் செய்யும் கைவினைஞரின் கலை. அதனால்தான் லேசான எடையும் மிகுந்த உறுதியும் கொண்ட ஸ்புரூஸ், சிடார் போன்ற ஊசியிலை மரங்கள் மேற்பலகைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

அப்படியானால் பின்பலகைக்கும் பக்கப்பலகைகளுக்கும் உள்ள பங்கு என்ன? இன்றைய செவ்வியல் கிட்டாரின் வடிவத்தை நிலைநிறுத்தியவர் ஸ்பெயின் நாட்டின் அந்தோனியோ தே தோரெஸ். மேற்பலகையே கிட்டாரின் உயிர் என்று கருதிய அவர், 1862-இல் பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார். அந்தக் கிட்டார் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

ஆனால், தோரெஸ் காட்டியதைச் சந்தை கற்றுக்கொள்ளவில்லை. பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டே உயர்ந்தது என்ற கருத்து நிலைபெற்றது. அந்த மரம் அருகியபோது, தயாரிப்பாளர்களின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் அழைக்கும் மரம்தான் அது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மெல்ல வளரும் மரம். நம் பாட்டனார் காலத்துக் கட்டில்களிலும் அலமாரிகளிலும் நாம் கண்ட அதே மரம் உலகெங்கும் கிட்டார்களின் உடலாயிற்று. இம்மரத்தைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டிய நிலை தமிழ்நாட்டுக்கு ஏற்பட்டது.

அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் 'சைட்டீஸ்' உடன்படிக்கை, பிரேசில் ரோஸ்வுட்டை 1992-இல் தன் மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. 2017 ஜனவரி முதல் ரோஸ்வுட் பேரினம் முழுவதுமே கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிட்டார்களை எல்லை கடந்து விற்கவும் அனுமதிச் சான்று தேவைப்பட்டது. இசைத் துறையினரின் வேண்டுகோளை ஏற்று, கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பெரும்பாலான ரோஸ்வுட் வகைகளால் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளிக்கப்பட்டது. ரோஸ்வுட் காடுகளின் அழிவில் ஆடம்பர மரச்சாமான் வணிகத்தின் பங்கே பெரிது. கிட்டாரின் பங்கு சிறிது. ஆயினும், பங்கு சிறிது என்பதால் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது.

இவ்வளவு அரிய மரம் உண்மையிலேயே ஒலியை உயர்த்துகிறதா? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. மேற்பலகையும் வடிவமைப்பும் ஒன்றாகவும், பின்பலகையும் பக்கப்பலகைகளும் மட்டும் வெவ்வேறு மரமாகவும் ஆறு கிட்டார்கள் செய்யப்பட்டன. பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட் முதல் மலிவான மரங்கள் வரை அவற்றில் இருந்தன. எந்த மரம் என்பதைக் காண இயலாதவாறு 52 கிட்டார் கலைஞர்கள் அவற்றை வாசித்து மதிப்பிட்டனர். ஒலித் தரத்துக்கு அவர்கள் அளித்த மதிப்பீடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஒரு கையால் செய்த வெள்ளிக் கரண்டியையும் இயந்திரத்தால் செய்த கரண்டியையும் ஒப்பிட்டு, பயனில் வேறுபாடு இல்லாதபோதும் விலை உயர்ந்ததே நம் கண்ணுக்கு அழகாகத் தோன்றுவது ஏன் என்று 1899-இல் கேட்டார் தோர்ஸ்டீன் வெப்லன். கிட்டாருக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். மரம் அரிதாவதால் விலை ஏறுகிறது. விலை ஏறுவதால் மதிப்பு கூடுகிறது. மதிப்பு கூடுவதால் மரம் மேலும் அரிதாகிறது. காதின் பெயரால் கண் எடுக்கும் முடிவு இது.

அந்த முடிவின் விளைவைக் கேமரூன் நாட்டுக் கருங்காலிக் காடுகளில் காணலாம். கிட்டாரின் விரற்பலகைக்குக் கரிய நிறக் கருங்காலியே வேண்டும் என்பது மரபு. ஆனால், உள்ளே வைரம் முழுக் கறுப்பா, பழுப்புக் கோடுகள் கலந்ததா என்பது மரத்தை வெட்டிய பின்பே தெரியும். கோடுகள் இருந்தால் விலை போகாது என்று வெட்டிய மரத்தைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். டெய்லர் கிட்டார் நிறுவனம் 2011-இல் கூட்டாளி நிறுவனத்துடன் அங்கு ஒரு மர அறுவை ஆலையை வாங்கியபோது, பத்து மரங்களில் ஒன்பது இவ்வாறு கைவிடப்படுவதாக அறிந்ததாக அதன் நிறுவனர் பாப் டெய்லர் கூறினார். கோடுகள் உள்ள மரத்தையும் தன் கிட்டார்களில் பயன்படுத்தப்போவதாக அவர் அறிவித்தார். ஒலியில் குறை ஏதும் நேரவில்லை. மாற வேண்டியிருந்தது வாங்குவோரின் கண் மட்டுமே.

அப்படியானால் எல்லாக் கிட்டாரும் ஒன்றுதானா என்றால், இல்லை. மேற்பலகை ஒட்டுப்பலகையா, ஒரே மரத்தில் அறுத்ததா என்பது ஒலியை மாற்றும். கைவினைஞரின் திறனுக்கு விலை உண்டு, இருக்கவும் வேண்டும். அழகான மரத்தை மடியில் வைத்து வாசிப்பதில் உள்ள மகிழ்ச்சியும் பொய்யல்ல. ஆனால், அந்த மகிழ்ச்சியை இசை என்று பெயரிட்டு அழைக்கும்போதுதான் கணக்குத் தவறுகிறது.

இசைக்கு உண்மையில் எது அரிது? நேரம். வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியலறிஞர்கள் 1966-இல் நிகழ்த்துகலைகள் பற்றி எழுதிய நூலில் ஓர் எளிய உண்மையைச் சுட்டினர். ஆலையில் ஒரு பொருளைச் செய்ய ஆகும் உழைப்பு ஆண்டுதோறும் குறைகிறது; ஆனால், நால்வர் வாசிக்கும் ஓர் இசைக்கோவைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் எத்தனை பேரும் எவ்வளவு நேரமும் தேவைப்பட்டனவோ, இன்றும் அவையே தேவை. அவர்கள் மேடைக் கலையின் செலவைப் பற்றிப் பேசினார்கள். வீட்டில் பழகுபவருக்கும் அது பொருந்தும். விரல்நுனி தடித்து வலி மறைய வாரங்கள் ஆகும். ஒரு ஸ்வரக்கூட்டிலிருந்து மற்றொன்றுக்கு விரல்கள் தடுமாறாமல் மாற மாதங்கள் ஆகும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கிட்டாரும் அந்த மாதங்களில் ஒரு நாளைக்கூடக் குறைத்துத் தராது.

அதே வேளையில், இசையில் செலவிட்ட நேரம் தேய்ந்துபோவதும் இல்லை. ஜார்ஜ் ஸ்டிக்லரும் கேரி பெக்கரும் 1977-இல் விளக்கியதுபோல, இசையில் முன்பு செலவிட்ட நேரம் ஒரு மூலதனமாகச் சேர்ந்து, பின்னர் செலவிடும் ஒவ்வொரு மணிநேரத்தின் மகிழ்ச்சியையும் கூட்டுகிறது. நேற்று வாசித்தவருக்கு இன்றைய வாசிப்பு இனிக்கும். தாம் வாசிக்கத் தொடங்கியபின் பிறர் வாசிப்பதும் புதிதாகக் கேட்கும். பல காலமாகக் கேட்டுவந்த திரைப்பாடலின் பின்னணியில் கிட்டார் செய்யும் நுட்பமான வேலை அப்போதுதான் காதில் விழும். இந்தச் செல்வம் எந்த நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. எனினும் அது செல்வமே.

தொழிலாக அன்றி ஆர்வத்தால் ஒன்றைச் செய்பவரைக் குறிக்கும் 'அமெச்சூர்' என்ற சொல், அன்பு செய்பவர் என்ற பொருளில் இருந்து பிறந்தது. இன்று அது அரைகுறை என்ற பொருளில் வழங்குவது, விற்க இயலாத திறமைக்கு மதிப்பில்லை என்று நாம் எண்ணத் தொடங்கிவிட்டதன் அடையாளம். குழந்தைகளின் இசைப் பயிற்சியைக்கூடப் போட்டி, பரிசு, தொலைக்காட்சி மேடை என்ற அளவுகோலால் அளக்கிறோம். அதில் தேறாத பிள்ளையின் கிட்டார் பரணுக்குப் போகிறது.

எனவே, கிட்டார் வாங்க நினைப்போருக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. மரத்தின் பெயரைக் கேட்கும் முன், தந்தி விரற்பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று பாருங்கள். தந்தி உயரமாக இருந்தால் விரல் வலித்துப் பலர் முதல் மாதத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அரிய மரத்துக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியை நல்ல ஆசிரியருக்குக் கொடுங்கள். எந்த மரம், எந்தக் காடு என்று விற்பவரிடம் கேளுங்கள். கேட்போர் பெருகினால் தயாரிப்பாளரும் விடை வைத்திருப்பார். பயன்படுத்திய கிட்டாரை வாங்கத் தயங்க வேண்டாம். அதற்காகப் புதிதாக ஒரு மரம் விழ வேண்டியதில்லை.

ஓய்வுபெற்றோருக்கும் ஒரு சொல். நம்மிடம் மேடைக்கான வயது இல்லாமல் இருக்கலாம். இசைக்குத் தேவையான நேரம் இருக்கிறது. நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். மெல்ல வளர்வது ஈட்டி மரத்துக்கு மட்டும் உரிய இயல்பன்று. விரல்களில் இசையும் அவ்வாறே வளர்கிறது. முன்னதை வெட்டினால் மீண்டும் வளரத் தலைமுறைகள் வேண்டும். பின்னதை எடுக்க எடுக்கக் கூடும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).