தூங்கினாலும் கரண்டு குடிக்கும் கம்ப்யூட்டர்

கரண்டு எதிலிருந்து வருகிறது என்று எங்கள் காத்திவாக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 1970-ல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அதுவரை மொட்டை மாடியில் வடாம் காயப் போட்டால் சாம்பலையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்! அத்திப்பட்டு, வல்லூர் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் கலந்து, மீன்பிடிக்கிறவர்கள் பட்ட பாடு தனிக்கதை.

அதனால்தான் நடுராத்திரியில் ஆளில்லாத அறையில் கம்ப்யூட்டர் விசிறி சுற்றினால் எனக்கு மனசு பொறுப்பதில்லை. "ஸ்லீப்லதாம்மா போட்டேன், அதுவா முழிச்சிருக்கு" என்பான் என் பிள்ளை.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் தூங்கினாலும் அதன் நெட்வொர்க் கார்டு ஒரு காதைத் திறந்தே வைத்திருக்கும். 'மேஜிக் பாக்கெட்' என்ற செய்தி வந்தால் எழுந்துவிடும். அந்தச் செய்திக்குள் கார்டின் சொந்த எண் 16 தடவை திரும்பத் திரும்ப இருக்குமாம். வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரிதான். ஆனால் சில கம்ப்யூட்டர்கள் வீட்டிலுள்ள வேறு சாதனம் சும்மா விசாரித்தாலே எழுந்துவிடுகின்றன.

காது திறந்திருப்பதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். ஒரு வாட் என்றால் இரண்டு மாத பில்லில் சுமார் ஒன்றரை யூனிட். எழுந்து, தூங்காமல் ஓடுவதுதான் ஆபத்து. 60 வாட் கம்ப்யூட்டர் தினம் ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 29 யூனிட்! 2022 கட்டண மாற்றத்தில், 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்கு 101-வது யூனிட்டிலிருந்தே விகிதம் கூடியது. எல்லையில் நிற்கிற வீட்டுக்கு இந்த 29 லேசுப்பட்டதல்ல.

விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' போய், நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, 'பவர் மேனேஜ்மெண்ட்' பக்கத்தில் கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். சில கம்ப்யூட்டரில் அந்தப் பக்கமே இராது. அப்போது 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில் தேட வேண்டும்.

என் பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. ஆபீசிலிருந்து வீட்டு ஃபைலை எடுக்க வேண்டுமாம். நியாயம்தானே? அதனால் 'மேஜிக் பாக்கெட் மட்டும்' என்கிற டிக்கை வைத்தோம். கண்டவர் கூப்பிட்டு எழுவது நின்றது.

வெளியிலிருந்து எழுப்பும் தேவையே இல்லாதவர்கள் முறையாக ஷட் டவுன் செய்து, திரை முழுக்க அணைந்தபின் பிளக் சுவிட்சை நிறுத்தலாம். அப்டேட் ஓடும்போது மட்டும் தொடாதீர்கள். யூ.பி.எஸ். இருந்தால் அதையும் அணையுங்கள். சும்மா இருந்தாலும் அதுவும் கரண்டு குடிக்கும்.