தொலைபேசி மருத்துவச் சேவையில் சமூக அடையாள வினா: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

தமிழகத்தில் 108 அவசர ஊர்திச் சேவை 2008ஆம் ஆண்டிலும், 104 மருத்துவ ஆலோசனைச் சேவை 2013ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. இவற்றில் அழைப்பவர் யாரென்பது குரலாலும் சொல்லாலும் மட்டுமே அறியப்படுகிறது. இத்தகைய சேவைகளில் நோயாளியின் சாதி, பழங்குடி முதலான சமூக அடையாளத்தைக் கேட்கலாமா, கேட்பின் எவ்வாறு கேட்பது என்பதை மொழிப் பயன்பாட்டு நோக்கில் இக்கட்டுரை விளக்குகிறது.

கேளாமலே வெளிப்படும் அடையாளம்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர். இம்மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் அவர்தம் குடியிருப்பு ‘காலனி’ என்றும், பிறர் வாழும் பகுதி ‘ஊர்’ என்றும் வழங்கப்பெறுகின்றன. ஊர்தி வந்து சேர அழைப்பவர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். ‘ஊரா, காலனியா?’ என்பது வழி கேட்கும் வினாவே எனினும், அதன் விடை சாதியையும் உடன் தெரிவித்துவிடுகிறது. ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் எனத் தமிழக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தமை, இச்சொல் சுமக்கும் இழிவை உணர்த்தும்.

ஆகவே, சமூகத்தைக் கேட்பதில்லை என்பதனால் அது தெரிவதில்லை என்றாகாது. ஊகத்தால் அறியப்பட்டது பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. கேட்டவர் மனத்தில் மட்டும் தங்குகிறது. சேவையில் பாகுபாடு நேரின் அதனைக் காட்டும் தரவும் இல்லாமற் போகிறது.

கேட்பதன் தேவை

முதலாவது, உரிமை. 2005இல் தொடங்கப்பெற்ற ஜனனி சுரக்ஷா யோஜனாவின்கீழ், தமிழகம் போன்ற மாநிலங்களில் வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள பெண்களுடன் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களும் பேறுகால உதவித்தொகை பெறத் தகுதியுடையோர். சமூகம் பதிவாகாவிடின் இவ்வுரிமை தவறக்கூடும்.

இரண்டாவது, மருத்துவம். பிச்சாவரத்தை அடுத்த கிள்ளைப் பகுதியில் இருளர் குடியிருப்புகள் உள்ளன. இந்தியாவில் அரிவாள் அணு மரபுக்கூறு 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்நோயை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கியது. பழங்குடி அடையாளம் இங்குப் பரிசோதனைக்கான ஒரு குறிப்பாகப் பயன்படும். எனினும், நீலகிரி மக்களிடம் கண்டதைப் பெயரொப்புமை கொண்டு கடற்கரை இருளர்க்கும் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. அடையாளம் பரிசோதனைக்குத் தூண்டுதலே அன்றி நோய் முடிவு ஆகாது.

கேட்கும் முறை

‘நீங்க என்ன ஆளுங்க?’ என்பது சிற்றூர் வழக்கில் சாதியை வினவும் தொடர். மேலோட்டமாக இயல்பான விசாரிப்பாகத் தோன்றினும், எதிரிலிருப்பவரை எந்தப் படிநிலையில் வைப்பது என அறிவதே அதன் பயன். அலுவலக வினா இத்தொடரின் நிழலைத் தவிர்த்தல் வேண்டும். அதற்கு நான்கு நெறிகள் உதவும்.

அ. அவசர அழைப்பில் ஊர்தி புறப்படும் முன் இவ்வினா எழுதல் கூடாது.
ஆ. வினாவிற்கு முன் காரணம் சொல்லப்பட வேண்டும்: ‘உங்களுக்கு உரிய உதவித்தொகையைப் பதிவு செய்வதற்காக ஒன்று கேட்கிறோம், விருப்பமில்லையெனில் சொல்ல வேண்டாம். சிகிச்சையில் மாற்றம் இராது.’
இ. விடை நோயாளியின் தன்கூற்றாக அமைதல் வேண்டும். ஊர்ப்பெயர், பேச்சுவழக்கு கொண்டு ஊகித்து நிரப்புதல் கூடாது.
ஈ. மருத்துவப் பதிவுக்குச் சாதிச் சான்றிதழை நிபந்தனையாக்குதல் கூடாது. சான்றிதழ் கிட்டாத இருளர் குடும்பங்கள் இதனால் விடுபட்டுவிடும்.

இங்கிலாந்து தேசிய நலவாழ்வுச் சேவையின் இனக்குழுப் பதிவும் தன்கூற்றையே அடிப்படையாகக் கொண்டது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பின்பற்றிய அதன் 16 வகைகளுடன், கூற விரும்பாதோர்க்கென ஒரு குறியீடும் உண்டு. ஆயினும் அவ்வகைப்பாட்டில் ‘தமிழர்’ என்றொரு வகை இல்லை. இந்தியத் தமிழர் ‘இந்தியர்’ என்பதிலும், ஈழத்தமிழர் ‘பிற ஆசியர்’ என்பதிலும் பெரும்பாலும் அடங்குவர். வினா நயமாக அமைந்தாலும் விடைக்கான பட்டியல் குறைபட்டால் பயன் குறையும் என்பதை இது காட்டுகிறது. ‘பழங்குடி’ என்ற ஒரே கட்டத்தில் இருளரை அடக்குவதற்கும் இது பொருந்தும்.

முடிவுரை

இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா சாதி, பழங்குடித் தகவலை நுண்ணுணர்வுத் தரவாக வகைப்படுத்தியது; 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அத்தனி வகை இல்லை. எனவே வினாவின் சொல்லமைப்பும் அது எழும் இடமுமே நோயாளிக்கு உடனடிக் காப்பாகின்றன. கேட்பதா, கேளாதிருப்பதா என்பதைவிட, மறைவாக ஊகிப்பதா, வெளிப்படையாகக் காரணம் சொல்லிக் கேட்பதா என்பதே இங்குள்ள உண்மையான தெரிவு. பின்னதே நோயாளியின் மதிப்பையும் உரிமையையும் ஒருங்கே காக்கும். அதற்கேற்ற வினாத்தொடர்களை வட்டார வழக்குகளை ஆராய்ந்து வகுத்தளிப்பது தமிழாய்வின் கடமையாகும்.