கல்வி வளர்ச்சி நாளில் ஒரு நெசவாளர் ஊர்ப் பள்ளி

சென்ற ஜூலைத் திங்கள் 15ஆம் நாள், பவானி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் விழாவைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. காமராசர் பிறந்த நாளாகிய அந்நாள், 2006ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப் பெறுவதை நேயர்கள் அறிவார்கள். ஊரில் ஜமக்காளம் நெய்வோர் ஒரு பாதி. மஞ்சளும் வாழையும் பயிரிடுவோர் மறு பாதி. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்ற என்னை, சங்க மேலாளர் கையோடு பள்ளிக்கு அழைத்துப் போய்விட்டார். பேரேடுகள் பிற்பகல் வரை காத்திருந்தன.

விழாவென்றால் வழக்கமான விழாதான். கொடி, தோரணம், ஒலிபெருக்கியின் இரைச்சல், காமராசர் வேடமிட்ட சிறுவர் மூவர், ஒருவருக்கொருவர் சளைக்காத சொற்பொழிவாளர் நால்வர். ஐந்தாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு அன்று காலைச் சிற்றுண்டியுடன் கேசரியும் கிடைத்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டு முதல் மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. இந்த ஊரில் அதன் அருமையைத் தாய்மார்களிடம் கேட்க வேண்டும். விடியற்காலையிலேயே கணவனும் மனைவியும் தறிக்குழியில் இறங்கிவிடும் வீடுகளில், முன்னெல்லாம் குழந்தை பழைய சோற்றோடோ வெறும் வயிற்றோடோதான் பள்ளிக்குப் போகும்.

என் மனத்தில் தங்கியவை இரண்டு. முதலாவது, பள்ளியின் மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை. இது பதிவு பெற்ற சங்கமன்று. பிள்ளைகளின் பழக்கத்துக்காக ஆசிரியர் ஒருவர் வைத்து நடத்துவது. எழுதுகோல், குறிப்பேடு, அளவுகோல் ஆகியவற்றை மொத்த விலையில் வாங்கி, சிறு இலாபத்துக்கு விற்கிறார்கள். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மேடையேறி ஆண்டுக் கணக்கை வாசித்தாள். வரவு, செலவு, இருப்பு எல்லாம் சொல்லி முடித்தபின், "கையிருப்பில் 11 ரூபாய் குறைகிறது, எப்படிக் குறைந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை" என்றாள். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாண்டுகளாகச் சங்கங்களின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். தெரியாததைத் தெரியாதென்று பொதுப் பேரவையில் ஒருவர் சொல்லக் கேட்டது அதுவே முதல் முறை.

இரண்டாவது, தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வில் இப்பள்ளி பெற்ற வெற்றி. எட்டாம் வகுப்பு மாணவர் எழுதும் இத்தேர்வில் மனத்திறன் வினாக்கள் 90, படிப்பறிவு வினாக்கள் 90. அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பயில்வோராகவும், பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதவராகவும் இருத்தல் வேண்டும். தேறியவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை திங்களுக்கு 1,000 ரூபாய் வீதம் நான்காண்டுகளுக்கு உதவித்தொகை உண்டு. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695. எழுதுவோரோ அதைப்போல் பல மடங்கு. எட்டாம் வகுப்பில் இருபதுக்கும் குறைவானவர்களே பயிலும் இச்சிறு பள்ளியிலிருந்து இருவர் தேறியிருக்கிறார்கள். மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக அமர்ந்து பயிற்சி தந்த கணித ஆசிரியையைப் பாராட்டி ஊரார் பொன்னாடை அணிவித்தனர். அது அந்த ஊர்த் தறியில் நெய்த போர்வையே என்பதும் குறிப்பிடத்தக்கது.

தேறிய இருவரையும் மேடைக்கு அழைத்தார்கள். மாணவன் வந்து பரிசைப் பெற்றுக்கொண்டான். மாணவியோ வரவில்லை. இரண்டாம் முறையும் பெயர் கூப்பிடப்பட்டது. பிறகு தலைமையாசிரியர் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்.

விழா முடிந்ததும் விசாரித்தேன். அச்சிறுமி ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். ஆனால் இரு வாரங்களாகப் போகவில்லை. காலையில் ஏழேகாலுக்கு ஒரு பேருந்து; அதை விட்டால் பத்து மணிக்கு. மாலையில் பள்ளி மணி அடிக்குமுன் ஒன்று போய்விடுகிறது, அடுத்தது ஆறரைக்கு. கட்டணமில்லாப் பயண அட்டை இருக்கிறது, ஏறுவதற்குப் பேருந்து இல்லை. அரசு தரும் விலையில்லா மிதிவண்டியோ பதினொன்றாம் வகுப்பில்தான் கைக்கு வரும். இடையிலுள்ள இரண்டு ஆண்டுகளில்தான் நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பலர் பள்ளியை விட்டு நழுவுகிறார்கள்.

மேலாளருடன் அவள் வீட்டுக்குச் சென்றேன். சிறுமி தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தந்தை தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். சங்கத்தில் பழைய உறுப்பினர். "படிக்க வைக்கக் கூடாதுன்னு இல்லீங்க. அவ அம்மாவுக்கு இடுப்பு வலி, உட்கார முடியறதில்ல. தார் சுத்த ஆள் வச்சா கூலியில பாதி போயிருது. அந்த ஸ்காலர்ஷிப் எப்போ வருமோ, வர்றப்போ மொத்தமா வரும்ங்கறாங்க. அரிசிக் கடைக்காரரு அதுவரைக்கும் காத்திருப்பாருங்களா?" என்று கேட்டார். அவர் கணக்கில் பிழையில்லை. மாதத்துக்கு ஆயிரம் என்பது காகிதத்தில் உள்ள கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை வங்கியில் விழுவது நடைமுறை. அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

பட்டணத்துத் தனியார் பள்ளி ஒன்றின் வாகனம் ஊருக்குள்ளேயே வருகிறது, கடன் வாங்கி அதில் சேர்க்கலாமா என்றும் அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. அவ்வாறு மாற்றினால் உதவித்தொகை நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியாது. முதலில் விண்ணப்பித்தால் போதாது, ஒவ்வோர் ஆண்டும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் தொடரப் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு 60 மதிப்பெண் வேண்டும். இவையும் அவர் அறியாதவை. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், புதுப்பிக்கும் நாளைத் தவறவிட்ட ஒரே காரணத்தால் ஒரு பையனுக்குத் தொகை நின்றுபோனதை நான் நேரில் அறிவேன்.

நிற்க. ஊரார் கைகொடுத்துப் பள்ளியை உயர்த்துவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, அரசுப் பணத்துடன் ஊராரின் பங்கும் சேர்ந்தே உலை கொதித்தது. 1958இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. அந்நாளில் கல்வித் துறையின் தலைவராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய அவ்வியக்கம் பின்னர் மாவட்டந்தோறும் பரவியது. கரும்பலகையும் விசுப்பலகையும் கடிகாரமும் கட்டடமும் ஊர்மக்களே தந்தார்கள். இன்று பலகைக்குக் குறைவில்லை. இந்த ஊரில் குறைவது ஆறு கிலோமீட்டர் வழிக்கு ஒரு வண்டி.

அன்று மாலை சங்க அலுவலகத்தில் மேலாளர், தலைமையாசிரியர், கணித ஆசிரியை, விவசாயிகள் இருவர் ஆகியோருடன் அமர்ந்து பேசினோம். அடுத்த ஊர்ப் பால் சங்கத்துக்குக் காலை எட்டரைக்குச் சிறு வண்டி ஓட்டும் விவசாயி, உயர்நிலைப் பள்ளி வழியாகவே போவதாகச் சொன்னார். பால் கேன்களோடு பிள்ளைகளை ஏற்றுவது முறையன்று என்று ஆசிரியை மறுத்தார். அவர் மறுத்தது சரியே. முடிவில், ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் பயிலும் ஏழு பிள்ளைகளுக்கு ஆட்டோ ஒன்றை மாத வாடகைக்கு அமர்த்துவதென்றும், அதில் ஒரு பகுதியைச் சங்கத்தின் நிகர இலாபத்தில் ஒதுக்கும் பொது நல நிதியிலிருந்து தரக் கோரித் தீர்மானம் கொணர்வதென்றும் பேச்சு முடிந்தது. முறைப்படி இசைவு பெற்ற பின்னரே ஒரு காசும் எடுக்கலாகும் என்பதை நான் அழுத்திச் சொன்னேன். அதுவரையில் வாடகையைத் தம் பையிலிருந்து தருவதாக மஞ்சள் விவசாயிகள் இருவரும் ஒப்புக்கொண்டனர்.

தந்தையின் அன்றாடச் செலவுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் உறுப்பினர் பெறும் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடித்தம் செய்யப்படுகிறது. அரசு 4 காசு சேர்க்கிறது. தம் சேமிப்பின் பேரில் கடன் பெற வழியுண்டு என்பதை உறுப்பினர் பலர் மறந்தே போகிறார்கள். இவருடைய கணக்கில் தார் சுற்ற ஆள் வைத்து இவ்வாண்டை ஓட்டும் அளவுக்குத் தொகை இருந்தது. மேலாளர் ஏட்டைத் திருப்பிக் காட்டியபோது அவர் நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரோசனை பண்ணிச் சொல்றனுங்க" என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை.

உதவித்தொகை விண்ணப்பத்தை மட்டும் அன்றே சங்கக் கணிப்பொறியில் நிரப்பிவிடுவதெனச் சிறுமியை அழைத்து வந்தார்கள். மேலாளர் வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டிக்கொண்டே வந்தார். பின்னால் நின்றிருந்தவள், "மூணாவது இலக்கம் ஏழு, சார்; நீங்க ஒண்ணு போட்டுட்டீங்க" என்றாள். திருத்தினோம். மறுவாரம் திங்கட்கிழமை ஆட்டோவில் ஏழு பேரும் சென்றதாக ஆசிரியை தொலைபேசியில் தெரிவித்தார். அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வாடகைத் தீர்மானம் நான்காவது பொருளாக இடம்பெற்றிருக்கிறது.