மூச்சின் கதை – 9: கொழுப்பை ஆளும் புரதம்

1959இல் பாஸ்டனில் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும், குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதற்கான காரணத்தைக் கண்டு சொன்னார்கள். அந்தப் பிஞ்சு நுரையீரல்களில், உட்சுவர் நீர்ப்படலத்தின் இழுவிசையைக் குறைக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்பு-புரதக் கலவை போதவில்லை. இல்லாததைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். 1960களில் கனடாவிலும் சிங்கப்பூரிலும் மருத்துவர்கள் அதையே செய்தார்கள். சர்ஃபாக்டன்டின் முதன்மைக் கொழுப்பான டிபிபிசியை நுண்துளிகளாக்கிச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

கொழுப்பு சரியானதுதான். அதை வேலை வாங்க ஆள் இல்லை.

நம் நுரையீரலில் ஏறத்தாழ 48 கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வொன்றின் உட்சுவரையும் மெல்லிய நீர்ப்படலம் நனைத்திருக்கிறது. உடல் வெப்பத்தில் வெறும் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 70 மில்லிநியூட்டன். அந்த இழுப்பு அப்படியே இருந்தால், மூச்சு வெளியேறும்போது நுண்ணறைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். நீரின்மேல் ஓரடுக்காகப் பரவியிருக்கும் கொழுப்பு மூலக்கூறுகள்தான் அப்போது நெருக்கியடித்து நின்று, இழுவிசையைப் பூச்சியத்துக்கு அருகே இறக்குகின்றன.

இங்கேதான் சிக்கல். நெருக்கத்தைத் தாங்கக் கொழுப்பு கெட்டியாக இருக்க வேண்டும். டிபிபிசி அப்படிப்பட்டது, 41 டிகிரி வரை இளகாது. ஆனால் கெட்டியான கொழுப்பு சட்டென்று பரவாது. பச்சிளம் குழந்தையோ நிமிடத்துக்கு 40 முறைக்கு மேல் மூச்சு விடுகிறது. ஒவ்வொரு முறை பரப்பு விரியும்போதும் கணப்பொழுதில் கொழுப்பு மேலே வந்து இடத்தை நிரப்பியாக வேண்டும். இளகிய கொழுப்புகள் வேகமாகப் பரவும், நெருக்கினால் குலைந்துவிடும்.

இந்த முரணைத் தீர்ப்பவை எஸ்பி-பி, எஸ்பி-சி என்ற இரு சிறு புரதங்கள். சர்ஃபாக்டன்டின் எடையில் இவை ஒன்றிரண்டு சதவீதம்தான். எஸ்பி-பி நேர்மின்னேற்றம் கொண்டது. எதிர்மின்னேற்றக் கொழுப்பான பாஸ்ஃபடிடைல்கிளிசராலைப் பற்றிக்கொண்டு, அடுக்கோடு அடுக்கைப் பிணைத்து, அடியில் காத்திருக்கும் கொழுப்பை மேற்பரப்புக்கு ஏற்றுகிறது. எஸ்பி-சியில் இருப்பவை 35 அமினோ அமிலங்களே. அதனுடன் இணைந்த இரண்டு கொழுப்பமில வால்கள் படலத்துக்குள் ஊன்றி நிற்கின்றன. நெருக்கத்தில் பிதுங்கி இறங்கும் கொழுப்பு நழுவிப் போகாமல், ஊக்கு குத்திய புடவைக் கொசுவம்போல மடிந்து ஒட்டியிருக்க இது உதவுகிறது. அடுத்த மூச்சில் அந்த மடிப்பு விரிந்து மீண்டும் படலமாகிறது.

1980இல் ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா, பசு நுரையீரல் சாற்றிலிருந்து தயாரித்த மருந்தைப் பத்துக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார். அந்தச் சாற்றில் கொழுப்போடு இந்தப் புரதங்களும் இருந்தன. நுரையீரல் சாற்றின் பரப்பு இழுவிசையை 1957இலேயே அளந்து காட்டிய ஜான் கிளமென்ட்ஸ் வேறு வழியில் போனார். புரதத்துக்குப் பதிலாக ஓர் ஆல்கஹாலையும் ஒரு பரப்பியையும் டிபிபிசியோடு சேர்த்து எக்ஸோசர்ஃப் என்ற மருந்தை உருவாக்கினார். 1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அது எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது. அந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனாலும் ஒப்பீட்டு ஆய்வுகளில், புரதம் கலந்த விலங்குச் சாறுகளே குழந்தையின் ஆக்சிஜன் தேவையை விரைவாகக் குறைத்தன. நுரையீரலிலிருந்து காற்று கசிவதும் அவற்றால் குறைந்தது. பன்றி நுரையீரலிலிருந்து ஸ்வீடனில் உருவான கியூரோசர்ஃப் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. எக்ஸோசர்ஃப் சந்தையில் இல்லை.

புரதத்தின் இடம் எத்தகையது என்பதை 1993இல் வெளியான ஓர் ஆய்வு வேதனையோடு உணர்த்தியது. மாதம் நிறைந்து பிறந்தும் மூச்சுத் திணறிய குழந்தைகளின் நுரையீரலில் எஸ்பி-பி அறவே இல்லை. காரணம் மரபணுக் குறை. இத்தகைய குழந்தைகளுக்கு வெளியிலிருந்து சர்ஃபாக்டன்ட் கொடுத்தாலும் பலன் நிலைப்பதில்லை. கொழுப்பைச் செல்லுக்குள் அடுக்கிக் கட்டுவதற்கும், எஸ்பி-சி முழுமையாக உருப்பெறுவதற்கும் எஸ்பி-பி வேண்டும். அவர்களுக்கு மிஞ்சும் வழி நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை மட்டுமே.

(அடுத்த வாரம்: ரத்தத்திலிருந்து கசியும் அல்புமின் இதே படலத்தைக் கெடுப்பது எப்படி?)