பழுதான புரதத்தை பாக்டீரியா என்ன செய்கிறது?

நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா ஆயிரக்கணக்கான வகைப் புரதங்களைத் தயாரிக்கிறது. எல்லாமே சரியாக அமைவதில்லை. சூடு கூடினால் மடிப்பு கலையும், மரபணுவில் பிழை இருந்தால் தவறான அமினோ அமிலம் சேரும், செய்தி ஆர்.என்.ஏ. இடையில் அறுந்துபோனால் புரதம் அரைகுறையாக நிற்கும். இப்படிப்பட்டவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிவிடும் என்பதால், செல் அவற்றை வெட்டி, கிடைக்கும் அமினோ அமிலங்களைப் புதிய புரதங்களுக்கு எடுத்துக்கொள்கிறது.

வெட்டும் வேலையைச் செய்பவை புரோட்டியேஸ் நொதிகள். இவை கட்டுப்பாடின்றித் திரிந்தால் நல்ல புரதமும் தப்பாது. அதனால் வெட்டும் இடங்கள் உள்ளே மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. கிளிப்-பி என்ற நொதியில், ஏழு ஏழு அலகுகள் கொண்ட இரண்டு வளையங்கள் சேர்ந்து ஒரு பீப்பாய் ஆகின்றன. வாசல் மிகக் குறுகலானது; மடிந்த புரதம் நுழைய முடியாது. வாசலில் ஆறு அலகுகள் கொண்ட கிளிப்-எக்ஸ் வளையம் உட்கார்ந்திருக்கும். ஏ.டி.பி. தரும் ஆற்றலைச் செலவழித்து, புரதத்தின் நுனியைப் பிடித்து, மடிப்பைப் பிரித்து உள்ளே இழுத்துவிடுவது அதன் வேலை. வெளியே வருபவை சிறு துண்டுகள். மற்ற நொதிகள் அவற்றைத் தனித்தனி அமினோ அமிலங்களாக்கும்.

எது பழுது என்று எப்படித் தெரியும்? நல்ல புரதத்தில் தண்ணீரோடு ஒட்டாத பகுதிகள் பெரும்பாலும் உள்ளே மறைந்திருக்கும். மடிப்பு கலைந்தால் அவை வெளியே தெரியும். ‘லான்’ என்ற இன்னொரு புரோட்டியேஸ் அவற்றை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். அரைகுறைப் புரதத்துக்கு வேறு வழி. புரதத்தைத் தயாரிக்கும் ரைபோசோம் பாதியில் நின்றுபோனால், அதற்குள் டி.எம்.ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு நுழைந்து, புரதத்தின் முனையில் 11 அமினோ அமில வால் ஒன்றைச் சேர்த்துவிடும். அந்த வாலைத்தான் கிளிப்-எக்ஸ் பற்றுகிறது. வால் சேர்க்கும் இந்த ஏற்பாடு 1996-ல் தெரியவந்தது.

செல்லின் இந்தக் கறார்த்தனம் மருந்து தயாரிக்க முயன்றவர்களையும் சோதித்தது. 1977-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சோமட்டோஸ்டேட்டின் என்ற 14 அமினோ அமில மனித ஹார்மோனை ஈ. கோலையில் உருவாக்க முயன்றார்கள். முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை. பாக்டீரியா அதைச் சிதைத்துவிடுகிறது என்று கருதி, ஒரு பெரிய பாக்டீரியப் புரதத்தோடு இணைத்துத் தயாரித்து, பிறகு வேதிமுறையில் வெட்டி எடுத்தார்கள். இன்று ஆய்வகங்களில் புரதம் தயாரிக்கப் பரவலாகப் பயன்படும் பி.எல்.21 வகை ஈ. கோலையில் லான் நொதியே கிடையாது.