கிளிப் போட்ட பல்லும் ரத்தம் கசியும் ஈறும்

பல்லுக்குக் கிளிப் போட்ட பிள்ளைகளில் பலருக்குப் பல் துலக்கித் துப்பும்போது எச்சிலில் ரத்தம் கலந்து வரும். கம்பி குத்தியிருக்கும் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். பிரஷ் பட்டால்தானே ரத்தம் வருகிறது என்று பிள்ளையும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துலக்குகிறது. சில வாரங்களில் ரத்தம் கூடுகிறது. ஈறு சிவந்து தடித்து, கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டிய பிராக்கெட்டின் விளிம்பைத் தொடும் அளவுக்கு வீங்குகிறது. “கிளிப் போட்டால் அப்படித்தான் இருக்கும், கழற்றினால் சரியாகிவிடும்” என்று யாராவது ஆறுதல் சொல்கிறார்கள்.

அந்த ஆறுதலை நம்பி இருந்துவிடக் கூடாது. கிளிப் நேரடியாக ஈற்றைப் புண்ணாக்குவது குறைவு. அதைச் சுற்றித் தங்கும் கிருமிப் படலம்தான் பெரும்பாலும் ஈற்றைப் புண்ணாக்குகிறது. படலத்தை நாள்தோறும் அகற்றினால், கிளிப் வாயில் இருக்கும்போதே ஈறு தேறும். அகற்றாமல் விட்டால் சிலருக்குப் பல்லைத் தாங்கும் எலும்பே கரையத் தொடங்கும். அப்படிக் கரைந்த எலும்பு, கிளிப்பைக் கழற்றியதும் தானாக வளர்ந்துவிடாது.

மூன்றே வாரங்களில் தெரிந்த உண்மை

ஈறு வீக்கத்துக்குக் காரணம் என்ன என்பதை 1965இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெளிவாக்கியது. நார்வேயைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் அதை நடத்தினார்கள். ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்குமே ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடியும் ஒழுங்காகத் துலக்கத் தொடங்கியதும், ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. படலம் சேர்ந்தால் அழற்சி வருகிறது, படலம் போனால் அழற்சியும் போகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது.

துலக்கிய சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அடுத்த சில மணி நேரங்களில் பாக்டீரியாக்கள் அதில் ஒட்டிப் பெருகுகின்றன. குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பதைப் போல, வெறும் நீரை ஊற்றிக் கழுவினால் போகாத அளவுக்கு அவை பற்றிக்கொள்கின்றன. படலம் தடிக்கத் தடிக்க அதன் அடிப்பகுதியில் ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் செழிக்கும் வேறு வகைக் கிருமிகள் ஈற்றோரம் குடியேறுகின்றன.

அவை வெளியிடும் நச்சுப் பொருட்களை எதிர்க்க, உடல் அந்த இடத்துக்குக் கூடுதல் ரத்தத்தையும் வெள்ளை அணுக்களையும் அனுப்புகிறது. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, ஈறு சிவந்து வீங்குகிறது. பல்லை ஒட்டிய உட்புறத் தோல் மெலிந்து, கண்ணுக்குத் தெரியாத சிறு புண்களாகிறது. மென்மையான பிரஷ் பட்டாலும் ரத்தம் கசிவது இதனால்தான். பிரஷ் அந்தப் புண்ணை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த புண்ணைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே. எனவே ரத்தம் வரும் இடம்தான் அதிகக் கவனத்தோடு துலக்க வேண்டிய இடம்.

கிளிப் போட்டவர்களுக்கு ஏன் அதிகம்?

சாதாரணமாக நாக்கும் கன்னமும் உதடும் அசையும்போது பல்லின் மேற்பரப்பு ஓரளவு துடைக்கப்படுகிறது. எச்சிலும் கழுவிவிடுகிறது. பிராக்கெட், கம்பி, ரப்பர் வளையம், கடைவாய்ப் பல்லைச் சுற்றிய உலோகப் பட்டை எல்லாம் வந்தபின் அந்தத் துடைப்பு தடைப்படுகிறது. உணவும் கிருமியும் ஒதுங்கப் புதுப்புது மூலைகள் கிடைக்கின்றன. பிராக்கெட்டுக்கும் ஈற்றுக்கும் இடையில் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள பகுதிதான் பிரஷ்ஷுக்கு அதிகமாகத் தப்பிவிடுகிறது.

முன்பு ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை மாட்டினார்கள். அதன் விளிம்பு ஈற்றுக்குள் இறங்கி உறுத்தும். பல்லின் எனாமலை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்றாக ஒட்டும் என்று அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் புவோனோகோர் 1955இல் காட்டினார். பிராக்கெட்டைப் பல்லின் முகப்பில் நேரடியாக ஒட்டும் முறை அதிலிருந்து வளர்ந்தது. ஈற்றுக்கு அது பெரிய நன்மை. ஆனாலும் பிராக்கெட்டைச் சுற்றி வழியும் உபரிப் பிசினைச் சரியாக அகற்றாவிட்டால் அங்கும் படலம் பிடிக்கும்.

வயதும் ஒரு காரணம். கிளிப் போட்டுக்கொள்பவர்களில் பெரும் பகுதியினர் பருவமடையும் வயதில் இருப்பவர்கள். அந்த வயதில் உயரும் ஹார்மோன்களால் ஈற்றின் ரத்தக் குழாய்கள் எளிதில் தூண்டப்படுகின்றன. கொஞ்சம் படலம் சேர்ந்தாலும் வீக்கம் அதிகமாகிறது. வாயால் மூச்சுவிடும் பழக்கம் இருந்தால் முன்பல் ஈறு உலர்ந்து மேலும் தடிக்கிறது. ஒரே அளவு அழுக்கு இருந்தாலும் அப்பாவின் ஈறு சும்மா இருக்க, 13 வயது மகளின் ஈறு வீங்கிவிடலாம். அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது நியாயமில்லை. அதற்கு வேண்டியது கூடுதல் உதவி.

எலும்பை நம்பி நடக்கும் சிகிச்சை

பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நார்த்திசு இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் சில செல்கள் எலும்பைக் கரைக்கின்றன. இழுபடும் பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. பல் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகர்வது இப்படித்தான்.

உடைப்பதும் கட்டுவதும் சமமாக நடக்கும்வரை எல்லாம் நலம். அங்கே கிருமிகளால் வந்த ஆழமான அழற்சியும் சேர்ந்தால் அந்தச் சமன் குலைகிறது. பெரியோடான்டைடிஸ் என்னும் எலும்பு கரையும் ஈறு நோய் தீவிரமாக இருக்கும்போது பல்லை நகர்த்தினால் எலும்பு இழப்பு வேகமெடுக்கும். பல் சாயும்போது ஈற்றுக்கு மேலிருக்கும் படலம் ஈற்றுக்குள் இறங்கிவிடுவதும் உண்டு. அதே நேரத்தில், நோயை முதலில் கட்டுப்படுத்திவிட்டால், எலும்பு கொஞ்சம் குறைந்த பற்களைக்கூடப் பாதுகாப்பாக நகர்த்த முடியும். இந்த வரிசை மாறக் கூடாது.

பெரியவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 40 வயதுக்கு மேல் முன்பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி விழுந்தாலோ, பற்கள் முன்னோக்கித் தள்ளினாலோ, கிளிப் போடலாமா என்று கேட்பதற்கு முன் ஈற்றையும் எலும்பையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். அந்த இடைவெளியே ஈறு நோயின் அடையாளமாக இருக்கலாம்.

மலையகத் தமிழர்கள் உலகுக்குக் கொடுத்த பாடம்

ஈறு வீங்கிய எல்லோருக்கும் எலும்பு கரைந்துவிடுமா? இதற்குப் பதில் தந்தவர்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள். 1970இல் லோவின் குழு அங்கே 14 முதல் 31 வயதுக்குட்பட்ட 480 ஆண்களைப் பரிசோதிக்கத் தொடங்கி, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பல் மருத்துவ வசதி அவர்களுக்கு எட்டியதே இல்லை. எல்லோருடைய பல்லிலும் படலமும், அது இறுகிக் கெட்டியான காறையும் இருந்தன, எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தது. ஆனால் நோய் எல்லோரிடமும் ஒரே மாதிரி வளரவில்லை. ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு அது வேகமாகப் பரவியது. அவர்கள் 45 வயதுக்குள் எல்லாப் பற்களையும் இழந்தார்கள். 81 சதவீதத்தினருக்கு மிதமாக வளர்ந்தது. 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டிப் போகவேயில்லை.

உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் இந்த அறிவு அந்தத் தொழிலாளர்களின் வாயிலிருந்து வந்தது. நாம் அதை நன்றியோடு நினைக்க வேண்டும், பயன்படுத்தவும் வேண்டும். 14 வயதில் ஈற்றை மட்டும் பார்த்து, ‘இவன் அந்த 8 சதவீதத்தில் ஒருவன், இவள் அந்த 11 சதவீதத்தில் ஒருத்தி’ என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் கிளிப் போட்ட ஒவ்வொருவரின் ஈற்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

மென்மையான பிரஷ்ஷை ஈற்றோரம் 45 பாகை சாய்த்து வைத்து, அழுத்தாமல், சின்னச் சின்ன அசைவாகத் துலக்க வேண்டும். முதலில் பிராக்கெட்டுக்கும் ஈற்றுக்கும் இடைப்பட்ட பகுதி, அடுத்து பிராக்கெட்டின் மறுபக்கம், பிறகு பிராக்கெட்டின் மேல், கடைசியாகப் பல்லின் உட்புறம் என்று வரிசை வைத்துக்கொண்டால் எந்த இடமும் விட்டுப்போகாது. கம்பிக்கு அடியிலும் பல்லிடுக்கிலும் நுழையும் குட்டிப் பிரஷ்கள் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. கிளிப் போட்டவர்களுக்கு அவை ஆடம்பரம் அல்ல, அவசியம்.

ஃபுளோரைடு உள்ள பற்பசை வேண்டும். பிராக்கெட்டைச் சுற்றிப் படலம் தங்கினால் ஈறு மட்டுமல்ல, எனாமலும் தாது இழந்து சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் புள்ளிகள் விழும். ஒரு மாதத்திலேயே அவை தெரியத் தொடங்கலாம், கிளிப்பைக் கழற்றிய பிறகும் தங்கிவிடலாம். இரவு துலக்குவதை ஒரு நாளும் விடக் கூடாது. உறக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் கிருமிகளுக்கு அதுவே நல்ல வேளை. பள்ளியில் மதியம் துலக்க முடியாவிட்டால் தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்தால் உணவுத் துணுக்காவது போகும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். நீண்ட நாள் தொடர்ந்தால் பல் பழுப்பாகும், நாக்கின் ருசி மாறும். அது துலக்குவதற்கு மாற்றும் அல்ல.

இப்படிச் செய்தால் சாதாரண ஈறு அழற்சியில் ஓரிரு வாரங்களில் ரத்தக் கசிவு குறைய வேண்டும். குறையாவிட்டால் பெரும்பாலும் காறை படிந்திருக்கும். அது பிரஷ்ஷுக்கு அசையாது, ஸ்கேலிங் செய்தே எடுக்க வேண்டும். கிளிப் இருக்கும்போதும் ஸ்கேலிங் செய்யலாம். அதனால் பல் ஆடிவிடும் என்ற பயம் தேவையில்லை. காறை அடைத்திருந்த இடம் காலியாவதும், வீங்கிய ஈறு வற்றுவதும்தான் சிலருக்குப் பல் தளர்ந்ததுபோலத் தோன்றுகிறது.

சீழ் வந்தாலோ, ஈறு கீழிறங்கி வேர் தெரிந்தாலோ, வீக்கம் பிராக்கெட்டை மூடினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. வலிப்புக்கான ஃபெனிடோயின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்ற மருந்துகளாலும் ஈறு தடிக்கலாம் என்பதால், சாப்பிடும் மருந்துகளை டாக்டரிடம் சொல்ல வேண்டும். நீரிழிவு இருந்தால் ஈறு நோய் தீவிரமாகும். புகைபிடிப்பவர்களுக்கு நோய் இருந்தும் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும், ஆகவே ரத்தம் வரவில்லை என்று அவர்கள் நிம்மதி அடைய முடியாது.

கிளிப்பைக் கழற்றிய பிறகும் கவனம் வேண்டும். பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்கக் கீழ் முன்பற்களின் பின்புறம் மெல்லிய கம்பி ஒட்டுகிறார்கள். நாக்கின் அடியில் எச்சில் சுரக்கும் குழாய்கள் திறப்பது அதன் அருகில்தான். வாயில் காறை மிக எளிதாகப் படியும் இடங்களில் அது ஒன்று.

கிளிப் போட அழைத்துப்போகும் பெற்றோர், எத்தனை மாதத்தில் முடியும், எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறார்கள். அவற்றோடு இன்னொரு கேள்வியையும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்: “ஈறு எப்படி இருக்கிறது, எங்கே ரத்தம் கசிகிறது?” டாக்டர்களும் கம்பியை முறுக்குவதற்கு முன் ஈற்றைப் பார்த்து, படலம் தங்கிய இடத்தைக் கண்ணாடியில் பிள்ளைக்குக் காட்டி, துலக்கும் முறையைச் செய்துகாட்ட வேண்டும். அழற்சி தீவிரமாக இருந்தால் அது அடங்கும்வரை கம்பி வேலையைத் தள்ளிவைப்பதில் தவறில்லை. பல் வரிசை நேராக ஒரு மாதம் கூடுதலாகட்டும். அந்தப் பற்கள் வாழ்நாள் முழுவதும் நிற்க வேண்டியவை.