பார்த்தீனியமும் வெற்று நிலமும்

நல்ல மழை இரண்டு பெய்துவிட்டால், நமது ரஸ்தா ஓரங்களிலும் காலி மனைகளிலும் சிறு வெண்பூக்களுடன் பார்த்தீனியம் தலைதூக்குகிறது. ஸ்தல ஸ்தாபனங்கள் ஆட்களையும் இயந்திரங்களையும் ஏவி அதை வெட்டித் தள்ளுகின்றன. அடுத்த மழைக்கு அது முன்னிலும் அடர்த்தியாக நிற்கிறது. பொதுஜனங்களின் வரிப்பணம் இவ்வாறு வீணாவதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

அமெரிக்க வெப்பப் பிரதேசங்களுக்குரிய இப்பூண்டு 1955-ல் புனாவில் காணப்பட்டது. பிறகு தேசமெங்கும் பரவிற்று. தொடுவோரிற் பலருக்குத் தோல் நோயையும், மகரந்தத்தைச் சுவாசிப்போருக்கு இளைப்பையும் உண்டாக்க வல்லது. நன்கு வளர்ந்த ஒரே செடி 10,000-க்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்கும்; அவை மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும்.

வெட்டுவதால் மட்டும் இது ஏன் ஒழிவதில்லை? இளஞ்செடியின் இலைகள் தரையோடு படிந்திருப்பதால் கத்திக்குத் தப்பிவிடுகின்றன. வளர்ந்த செடியை வெட்டினால் அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. விதை முற்றியபின் வெட்டினாலோ, வெட்டும் இயந்திரமே விதைகளை நாற்புறமும் இறைத்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டிய நிலத்தை வெறுமையாக விட்டுவிடுகிறோம். வெற்று நிலமே இப்பூண்டு விரும்பும் இடமாகும்.

ஆகவே செய்யவேண்டியவை இரண்டு. முதலாவது, பூக்குமுன், மண் ஈரமாயிருக்கையில், வேரோடு பிடுங்குதல். பரந்த வெளிகளில் வெட்டத்தான் வேண்டுமெனில், அதையும் பூக்குமுன் செய்து, துளிர்த்ததும் திரும்பச் செய்தல். இரண்டாவது, அவ்விடத்திலேயே நம் நாட்டுச் செடிகளை விதைத்தல். ஆவாரையும் கொழிஞ்சியும் இதற்கு ஏற்றவையென நமது விவசாய ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். அவை நெருங்கி வளர்ந்து நிழல் பரப்பினால், பார்த்தீனியக் கன்றுகளுக்கு வெளிச்சமும் இடமும் கிடையா. ஆவாரையின் மருத்துவப் பயனும் கொழிஞ்சியின் தழையுரப் பயனும் நம் குடியானவர்கள் அறிந்தவையே.

இது ஒரு பருவத்தில் முடியும் காரியமன்று. மண்ணில் உறங்கும் விதைகள் தீரும்வரை ஆண்டுதோறும் நடைபெற வேண்டும். பிடுங்கும் வேலையில் பெரும்பாலும் ஏழைப் பெண்களே ஈடுபடுகின்றனர். அவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடாமல் வேலை வாங்குவது அநீதி.

வெட்டுக்கூலிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை விதைக்கும் கையுறைக்கும் ஒதுக்க ஸ்தல ஸ்தாபனங்கள் முன்வர வேண்டும். எத்தனை ஏக்கர் வெட்டினோம் என்று கணக்குக் காட்டுவது போதாது. எத்தனை ஏக்கரில் அது மீண்டும் முளைக்கவில்லை என்பதே ஜனங்களுக்குக் காட்டவேண்டிய கணக்கு என்பது நமது அபிப்பிராயம்.